ஒரு மணி இருபது நிமிடம்

சிவகாசியில் நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டூடியோவில் இப்போது ஒரு பழைய வி.சி.ஆர். கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. மேலே சின்னதாக விளக்குப் போட்டிருக்கிறார்கள். கல்யாண ஆல்பம் பார்க்க வருகிற பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் வேலையை விட்டு வந்த பிறகு முதலாளியின் மகள் போன் பண்ணி, அந்தப் பெட்டியைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டுவார்களாம். எழுத உட்கார்ந்தேன். சட்டத்துக்குள் அடங்காது என்று தெரிந்த பிறகும் நிறுத்த மனம் வரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆமத்தூர். வீட்டில் எல்லாரும் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் போகிறவர்கள். எனக்கு வெடிமருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு இழுத்தது. வேறு வேலை தேடியபோது விருதுநகரில் ஒரு வீடியோ லைப்ரரியில் பெண் ஆள் வேண்டும் என்றார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீடியோ லைப்ரரி என்றால் என்னவென்று தெரியாது. புத்தகம் அடுக்குகிற வேலை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

கடை ரஹ்மத் அக்காவுடையது. பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், அவர்கள் வீட்டின் முன்னறைதான் கடை. அக்காவின் வீட்டுக்காரர் சவூதியில் டிரைவர். முதல் லீவில் வரும்போது ஒரு டெக் கொண்டு வந்தார் (வி.சி.ஆரை அப்போது அப்படித்தான் சொல்வோம்), அடுத்த லீவில் இன்னொன்று. அவர் ஊரில் இருப்பது இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம். மீதி நாளெல்லாம் கடை அக்காவின் கையில். டெக் பழுதானால் மதுரையிலிருந்து மெக்கானிக் வரவேண்டும். இரண்டு தடவை அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த அக்கா, மூன்றாவது தடவை தானே மூடியைக் கழற்றிவிட்டார்.

கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. முதல் மூன்று மாதம் ரீவைண்ட் மட்டும்தான். பார்த்து முடித்த கேசட்டை யாருமே சுற்றித் தரமாட்டார்கள். சுற்றி வைப்பேன், துடைத்து வைப்பேன், அடுக்கி வைப்பேன். அதற்குப் பிறகுதான் டெக்கின் மூடியைத் திறக்க விட்டார்.

உள்ளே பளபளவென்று ஒரு உருளை இருக்கும். படத்தை எடுத்துத் தருவது அதுதான். அழுக்குப் படிந்தால் திரையில் பனி கொட்டும். அதைத் துடைப்பதற்கென்று அக்காவிடம் ஒரு முறை இருந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் காய்கிறவரை காத்திருக்க வேண்டும். மொடமொடப்பான வெள்ளைத் தாளை ஸ்பிரிட்டில் நனைத்து உருளையின் மேல் வைக்க வேண்டும். தாளை அசைக்கவே கூடாது. இன்னொரு கையால் உருளையைத்தான் மெதுவாகத் திருப்ப வேண்டும். தாளை மேலும் கீழும் தேய்த்தால், உருளையில் ஒட்டியிருக்கிற கடுகை விடச் சின்ன முனை ஒடிந்துபோகும். டெக் அதோடு சரி. நான் செய்யும்போது அக்கா என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது நடுங்கினால், "போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்பார்.

அக்கா சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வாடகைக்குக் கேசட் எடுக்க வருகிறவர்களிடம் என்ன படம் வேண்டும் என்றும் கேட்க மாட்டார். "யாரு பாக்கப் போறாக?" என்பதுதான் அவர் முதலில் கேட்பது. வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்களா, பிள்ளை பெற்றவள் இருக்கிறாளா, சமீபத்தில் துக்கம் நடந்த வீடா என்று பேச்சோடு பேச்சாக விசாரித்துவிட்டுத்தான் கேசட்டை எடுப்பார். தீபாவளி சீசன் முடிந்து வெடிக் கம்பெனிகளுக்கு லீவு விட்டதும், ஒரு தெருவே சேர்ந்து டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுக்கும். அந்த வருஷம் கம்பெனி விபத்தில் ஆள் போன தெரு என்றால், வெடியும் நெருப்பும் வருகிற படத்தை அக்கா தரவே மாட்டார். அது வெளியே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கேசட் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

சினிமாவை விட வீட்டு விசேஷக் கேசட்டுகளைத்தான் அக்கா பெரிதாக நினைத்தார். கல்யாணம், சடங்கு, காதுகுத்து. இதற்கு நகல் போட, கோடு விழுந்தால் சரிபண்ண, வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். சினிமாக் கேசட் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், இது போனால் போனதுதான் என்பார். அதனால் இரண்டு சட்டம் வைத்திருந்தார். கேசட்டின் முதுகுப் பக்கம், இடது ஓரத்தில், பல் மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. விசேஷக் கேசட் கடைக்குள் வந்ததும் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும்; இது முதல் சட்டம். எந்தக் கேசட்டில் பதிவதானாலும் முதலில் ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும்; இது இரண்டாவது. ஒன்பது வருஷம் இரண்டையும் தவறாமல் செய்தேன். ஒரே ஒரு நாள் இரண்டையும் விட்டேன்.

அது பங்குனி மாதம். இருக்கன்குடி கோயிலுக்குப் பொங்கல் வைக்க வந்த வெளியூர்ச் சொந்தக்காரர்கள், ஊர் திரும்புவதற்குள் நகல் வேண்டுமென்று கடை வாசலில் நின்றார்கள். டெக்குக்கு பெல்ட் வாங்க அக்கா மதுரைக்குப் போயிருந்தார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எம். புதுப்பட்டியிலிருந்து சுப்பையா என்று ஒருவர் வந்தார். வெடிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்து போயிருந்தது. அவருடைய கல்யாணக் கேசட். படத்தில் கோடு விழுகிறது, சரிபண்ணி ஒரு நகல் போட்டுத் தரவேண்டும் என்றார். மனைவி பேச்சியம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்து எட்டு மாதம் ஆகிறதாம். கைப்பிள்ளை ஒன்று இருக்கிறது. போட்டோ நாலு இருக்கிறது; நடமாட்டத்தோடு இருப்பது இது மட்டும்தான். இதையெல்லாம் அவர் கேட்காமலே சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இன்னொருவருக்குக் கேசட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பல்லைப் பிடுங்க ஸ்குரூ டிரைவரைத் தேடினேன், கைக்கு அகப்படவில்லை. அப்புறம் செய்வோம் என்று மேஜையில் வைத்தேன்.

அதே மேஜையில் இன்னொரு கறுப்புக் கேசட்டும் கிடந்தது. ஒரு குடும்பம் தங்கள் பெண்ணின் சடங்குக் கேசட்டைக் கொடுத்து, இந்தப் பழைய கேசட்டில் நகல் போட்டுத் தாருங்கள் என்று வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் இரண்டு டெக்கையும் வயரால் இணைத்தேன். ஒன்றில் சடங்குக் கேசட். மற்றதில், மேஜையிலிருந்து எடுத்த கறுப்புக் கேசட். ஓட்டிப் பார்க்கவில்லை. வேன் வாசலில் நிற்கிறது, சீக்கிரம் வேண்டும் என்று அவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள். பட்டனை அழுத்திவிட்டு வேறு வேலை பார்த்தேன். சடங்கு ஒரு மணி இருபது நிமிஷம் ஓடி முடிந்தது. பதிவை நிறுத்தினேன். நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று, கடைசித் துண்டை மட்டும் கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி ஓடவிட்டேன். பெண்ணுக்குத் திருஷ்டி கழித்தார்கள். திரை ஒரு முறை நடுங்கிப் பனி கொட்டியது. அடுத்து ஒரு கல்யாணப் பந்தி வந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் சுப்பையா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. ஆனாலும் கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் போட்டேன். முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். அந்தச் சடங்குப் பெண் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள்.

முந்தின நாள் ராத்திரியே மதுரையிலிருந்து திரும்பிவிட்ட அக்கா பின்கட்டில் இருந்தார். போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "ஒரு நிமிஷம் ஓட்டிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.  பிறகு சடங்கு வீட்டுக்காரர்களுக்குப் புதுக் கேசட்டில் நகல் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பகல் பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டியது அன்றைக்குத்தான்.

"அவரு வந்து கேக்குறதுக்கு முன்னால நாம போயிரணும். நீதான் சொல்லணும், முத்து. நான் பக்கத்துல இருப்பேன், ஆனா பேச மாட்டேன்."

சிவகாசி பஸ்ஸில் போனோம். ஆமத்தூர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, இறங்கி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிவகாசியில், அந்தக் கல்யாணத்தைப் படம் பிடித்த போட்டோக்காரரைத் தேடிப் போனோம். அவர் கேமரா டேப்பை அப்போதே அழித்து வேறு கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிட்டார். கொடுத்தது இந்த ஒரு கேசட்தான் என்றார். அங்கிருந்து எம். புதுப்பட்டிக்கு வேறு பஸ்.

சுப்பையா அன்று மத்தியானம் வீட்டில்தான் இருந்தார். ஓட்டு வீடு. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. எங்களைப் பார்த்ததும் நகல் கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். "இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக, பாயம்மா?" என்று அக்காவைக் கேட்டு, பாயை உதறிப் போட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னதுதான் என் வேலையில் நான் செய்த கஷ்டமான காரியம். உங்கள் கேசட்டில் தெரியாமல் வேறொன்றைப் பதிந்துவிட்டேன் என்றேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

அவர் கையிலிருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளை வாயைத் திறந்து காத்திருந்தது.

"எம்புட்டுப் போச்சு?" என்று கேட்டார்.

"தாலி கட்டுன வரைக்கும் போயிருச்சு. பந்தியிலருந்து இருக்கு."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அந்த உருண்டையைப் பிள்ளைக்குக் கொடுத்தார். கை கழுவினார். எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். மிச்சம் இருப்பதை இப்போதே கடைக்கு வந்து பார்க்க வேண்டும் என்றார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடேயே பஸ் ஏறினார். வருகிற வழியில் பிள்ளை தூங்கிவிட்டது.

கடையில் அக்கா பெஞ்சை டி.வி.க்கு நேரே இழுத்துப் போட்டார். நான் கேசட்டைப் பந்தி ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து ஓடவிட்டேன். இலைக்கு முன்னால் மாப்பிள்ளையும் பொண்ணும். பேச்சியம்மாள் அரக்குக் கலர் பட்டுச் சேலையில் இருந்தாள். மாலையைக் கழற்றி வைத்திருந்தாள். கேமராக்காரர் விளக்கை முகத்துக்கு நேரே பிடிக்க, இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சுப்பையா வெட்கப்பட்டுக்கொண்டு சோற்றில் கையே வைக்கவில்லை. அவள் நன்றாகச் சாப்பிட்டாள். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலைக்குத் தள்ளிவிட்டாள். ரேடியோப் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் ஒரே ஒரு தடவை தெளிவாகக் கேட்டது. "என்ன பாத்துக்கிட்டே இருக்கீக, சாப்புடுங்க."

சுப்பையா எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார். அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை கேட்டார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியவில்லை.

"தாலி கட்டும்போது அவ குனிஞ்ச தலை நிமிரல," என்றார். "முகமே சரியாத் தெரியாது. நாங்க வீட்டுல போட்டுப் பாத்தா அது வரைக்கும் பாத்துட்டு நிப்பாட்டிருவோம். பந்தியில என்ன இருக்கப்போகுதுன்னு இதைப் பாத்ததே இல்ல." பிறகு, "அதுக்காக அது போனது சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அதற்கு மேல் அவரிடம் எதையும் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

முன்னால் இருக்கிற சடங்கை வேண்டுமானால் அழித்து வெறுமையாக்கித் தருகிறோம் என்று அக்கா சொன்னார். அவர் அவசரமாக மறுத்தார். இனிமேல் யாரும் இதில் கை வைக்க வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். அக்கா ஸ்குரூ டிரைவரை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர் முன்னால் நான் அந்தப் பல்லைப் பிடுங்கினேன். ஒரு புதுத் தாளில் அக்கா தன் கையால் 'பேச்சியம்மாள் – சுப்பையா' என்று எழுதி ஒட்டினார். சடங்கு வீட்டாருக்கும் பிறகு ஆள் அனுப்பி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் அம்மா, தன் மகள் படம் தாயில்லாப் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினாராம்.

மறுநாள் காலையில் கடைக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். யாரோ நகலுக்குக் கொடுத்த ஒரு கல்யாணக் கேசட்டை அக்கா என் முன்னால் வைத்தார். "நீ போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே தொழுகப் போய்விட்டார். நான் பல்லைப் பிடுங்கினேன். பதிகிற கேசட்டை ஒரு நிமிஷத்துக்குப் பதில் முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பேச்சை அக்கா சாகிறவரை எடுக்கவில்லை.

அதன் பிறகு சி.டி. வந்தது, டி.வி.டி. வந்தது. வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. வீட்டுக்காரர் சவூதியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய வருஷம் அக்கா லைப்ரரியை மூடினார். ஒரு டெக்கை எனக்குக் கொடுத்தார்; இப்போது கண்ணாடி அலமாரிக்குள் இருப்பது அதுதான். அதை எடுத்துக்கொண்டுதான் சிவகாசி ஸ்டூடியோவில் சேர்ந்தேன். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பென் டிரைவில் போட்டுத் தருவது என் வேலை. பரணிலிருந்து எடுத்து வருவார்கள். மூடியைத் திறந்து முகர்ந்தாலே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அந்த வேலைக்கும் வருஷத்துக்கு வருஷம் ஆள் குறைந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு பெண் வந்தாள். சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிறவள். பெயர் ராஜி என்றாள். பையிலிருந்து கேசட்டை எடுத்து வைத்தாள். அதன் மேல் அக்காவின் கையெழுத்தில் 'பேச்சியம்மாள் – சுப்பையா' என்று இருந்தது. வீட்டில் டெக் கெட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது, அப்பா போனில் பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். சுப்பையா இப்போது ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாம். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையாம்.

இந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. டேப் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரம் உட்கார்ந்தாக வேண்டும். சட்டென்று காப்பி எடுத்துவிட முடியாது. போட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாருங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். அவளை உட்காரச் சொன்னேன். திரையில் சடங்குப் பெண் வந்தாள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அம்மா கல்யாணத்தை அழித்தது நான்தான் என்று சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "வீடு தேடி வந்து சொன்னது நீங்கதானா? அப்பா சொல்லியிருக்காக" என்றாள். அவளுக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது இதுதான் எங்கம்மான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. இந்தப் பொண்ணு. அம்மா மொதல்ல பெரியவளாகுறாக, பெறகு கல்யாணம் முடிஞ்சு பந்தியில உக்காந்து சாப்புடுறாகன்னு. அப்பா ஒண்ணும் சொல்லல. நாலாப்பு படிக்கும்போதுதான், மூக்கு வேற மாதிரி இருக்கேன்னு நானாக் கேட்டேன்."

"அப்ப என்ன சொன்னாரு?"

"அது வேற பிள்ளைன்னு சொன்னாக. அன்னைக்குப் பூரா அழுதேன். மறுநாள் மறுபடியும் மொதல்ல இருந்துதான் போட்டுப் பாத்தேன்."

திரையில் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டுக்கொண்டிருந்தார். ராஜிக்கு ஒவ்வொருவரையும் தெரிந்திருந்தது. இந்தப் பச்சைச் சேலைக்காரி இப்போது தும்முவாள் என்றாள், அவள் தும்மினாள். யார் வீட்டு விசேஷம் என்று அவளுக்குப் பெயர் கூடத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்தக் காலத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் வேண்டாததை வெட்டிவிடலாம். இத்தனை வருஷம் கழித்து அதையாவது செய்து கொடுக்கலாமே என்று எனக்கு ஆசை வந்தது. முதல் ஒரு மணி இருபது நிமிஷத்தை எடுத்துவிடுகிறேன், அம்மா மட்டும் இருக்கட்டும், அப்பாவுக்குப் பார்க்கவும் வசதியாக இருக்கும் என்றேன்.

ராஜி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்க்கா. அந்தப் பிள்ளைய வெட்டிட்டா எங்கம்மாவுக்குச் சின்ன வயசே இல்லாமப் போயிரும்."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பந்தி வருவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.